மனசுக்கு எத்தனை மார்க்?

மனசு பாரமானால் என்ன செய்வது என்று கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எவ்வளவு விளக்கினாலும் கேட்பவர்கள் கடைசியில், 'சரி, என்ன சப்ஜெக்ட்?' என்றுதான் கேட்பார்கள். சப்ஜெக்ட் இல்லாத டீச்சராக மதுரையைச் சுற்றி டவுன் பஸ்ஸில் தொங்கும் என் சக பாவப்பட்டவர்களே, இது உங்களுக்கு.

கடைசி பீரியட்

பத்தாம் வகுப்பில் எனக்கு ஒதுக்கியது வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். அதில் கணக்கு சார் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தார். நான் போனபோது போர்டு நிறைய முக்கோணங்கள். பதற்றம் வந்தால் மூச்சை நிதானமாக இழுத்துவிடுவது எப்படி என்று இன்று நடத்த வேண்டும் என்றேன். நான் வயதில் சின்னவள்தான், ஆனால் கோபத்தில் யாருக்கும் இளைத்தவள் இல்லை. வாசலை விட்டு நகரவில்லை. அவர் சாக்பீஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: "மூச்சு விடுறதுக்கு ஒரு பீரியடா டீச்சர்? அதத்தான் பிள்ளைக என் கிளாஸ்ல சும்மாவே விட்டுக்கிட்டு இருக்குகளே."

நூற்றுக்கு நூறு

ஒருவழியாக வகுப்பு கிடைத்தது. ஆளுக்கொரு தாள் கொடுத்து, இந்த வாரம் உங்கள் மனசு எப்படி இருந்தது, நூற்றுக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டேன். புத்தி கெட்ட வேலை. மார்க் என்றதும் மொத்த வகுப்பும் தொண்ணூறுக்கு மேல் போட்டுவிட்டது. ஒரு பெண் ரேங்க் உண்டா என்று கேட்டாள். பாண்டிச்செல்வி மட்டும் முப்பத்தைந்து போட்டிருந்தாள். பரவாயில்லை, ஏதோ கொஞ்சம் சோர்வு என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, தான் இருந்து யாருக்கு என்ன லாபம் என்று தோன்றுகிறதாம். இதையெல்லாம் பாடப் புத்தகம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அப்புறம் ஏன் இவ்வளவு மார்க் போட்டாய் என்றேன். "முப்பத்தஞ்சுக்குக் கீழ போட்டா அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்வீகள்ல மிஸ். உள்ளதச் சொன்னா அஞ்சுதான்."

பரவை மார்க்கெட்டில்

அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, மறுநாளே வகுப்பு டீச்சரோடு அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன். பரவை மார்க்கெட்டில் லோடுமேன். வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு வந்தவர், முதலில் எந்தப் பையன் என்று கேட்டார். அப்புறம் எந்தப் பாடத்தில் ஃபெயில் என்றார். பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றதும், ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஊர் முக்கியமா, மகள் முக்கியமா என்று மூட்டைகளுக்கு நடுவில் நின்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

மனுஷன் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போவதாக ஒத்துக்கொண்டார். அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள், ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அன்றைய பொழுது எப்படிப் போனது என்று பேச்சுக்கொடுங்கள் என்றேன். தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மார்க்கத் தவிர பிள்ளைட்ட வேற என்ன கேக்குறதுன்னு எனக்குத் தெரியாதே டீச்சர்."

பக்கத்து செக்‌ஷன்

தெரிந்துகொண்டார். திங்கட்கிழமை முதல் ஆளாக ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார். அதன் பிறகு ஒரு தவணை தவறவில்லை. பாண்டிச்செல்விக்கு மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது, பசி வந்தது, பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளும் புத்தியும் வந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பில் கேள்வி கேட்டே என்னைத் திணறடித்தாள்.

அரையாண்டு முடிந்து ஒருநாள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டருகிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். கையில் பக்கத்து செக்‌ஷன் பெண் ஒருத்தியின் கை. அந்தப் பிள்ளை அழுது முகம் வீங்கி நின்றது. பாண்டிச்செல்வி பதறவில்லை, நான் நடத்தியதை என்னைவிட நிதானமாகச் செய்திருந்தாள். சொல்ல என்ன வெட்கம், எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. "ஒரு வாரமா இவ சரியாச் சாப்பிடல மிஸ். நான் ஒண்ணும் புத்தி சொல்லல, சும்மா பக்கத்துல உக்காந்து கேட்டேன், சொல்லிட்டா. இனி நீங்க கேளுங்க, நான் தள்ளி நிக்கிறேன்."

இந்த வேலையில் பதவி உயர்வே கிடையாது என்று புலம்பும் தோழர்களே, பாண்டிச்செல்விக்கு உதவியாளராக அன்றே எனக்குக் கிடைத்துவிட்டது.