மன்னி தள்ளிய மாவு மெஷின்

இட்லி மாவு பாக்கெட்டைக் கையில் எடுத்தால் இன்றும் எனக்கு அந்த மெஷினின் நான்கு இரும்புக் கால்கள்தான் நினைவுக்கு வரும். மட்டாஞ்சேரியில் எங்கள் மாவுக்கடை மெஷின் அது. அண்ணா அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க விட்டதே இல்லை. சரஸ்வதி பூஜையன்று அதைக் கிழக்கு பார்த்துத் திருப்பி வைத்துப் பொட்டு இடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த வருஷம் அண்ணாவுக்கு ஒரு யோசனை. சுலபமாக நகரட்டும் என்று தரையில் சோப்புத் தண்ணீரைக் கொட்டினார். அவர் சுவர்ப்பக்கம் நின்று இழுக்க, நானும் மன்னியும் எதிரிலிருந்து தள்ளினோம். நகர்ந்தது, நினைத்ததைவிட வேகமாகவே நகர்ந்தது. சறுக்கிக்கொண்டு போய் அண்ணாவின் காலைச் சுவரோடு வைத்து நசுக்கி நின்றது. சுவரோரத்துச் சொரசொரப்பான சிமெண்டுக்குத் தண்ணீர் எட்டியிருக்கவில்லை. மெஷினின் கால்கள் அங்கே கவ்விக்கொண்டன.

பூஜை நாளானதால் பக்கத்துக் கிடங்குகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. சுவர்ப்பக்கம் நுழைய இடமில்லை, எங்கள் பக்கம் இழுக்கப் பிடிமானமும் இல்லை. பக்கவாட்டில் தள்ளித்தான் எடுக்க வேண்டும். அது அண்ணாவின் காலை உரசிக்கொண்டுதான் போகும். தள்ளினோம். மெஷின் அசையவில்லை, எங்கள் கால்கள்தான் பின்னால் வழுக்கின. அண்ணாவின் பாதம் கறுத்துக்கொண்டு வந்தது. கால் போய்விடும் என்றே நினைத்தேன்.

மன்னி கோபக்காரி. பயம் வந்தால் கோபம் இரட்டிப்பாகும். என்னைத் திட்டிக்கொண்டே காலி அரிசிச் சாக்குகளை எங்கள் காலடியில் விரித்தாள். மிச்சமிருந்த சோப்புத் தண்ணீரை மெஷினின் கால்களுக்கடியில் ஊற்றினாள். மறுபடி தள்ளினோம். இம்முறை ஊன்றிய கால் நின்றது. மெஷின் ஒரு விரற்கடை அசைந்ததும் அண்ணா, நிறுத்து, நிறுத்து என்று அலறினார். என் கை தானாகத் தளர்ந்தது.

"கையை எடுக்காதே. இப்ப நின்னா பின்ன அனங்காது" என்றாள் மன்னி. அசையாது என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

கிளப்பத்தான் அத்தனை பலம் வேண்டியிருந்தது. கிளம்பிய பிறகு அதில் பாதி பலத்துக்கே நகர்ந்தது. அண்ணா அலற அலறத் தள்ளிக்கொண்டே இருந்தோம், கால் விடுபடும்வரை.

கால் பிழைத்தது. லேசாக விந்தி நடப்பதோடு சரி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணா இப்போதும் சொல்லிச் சிரிப்பார், தான் கத்தியது எதுவுமே அன்று இவள் காதில் விழவில்லை என்று. மன்னி அதை மறுத்ததே இல்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"எல்லாம் கேட்டுது. கேட்டுண்டேதான் தள்ளினேன்."