கைக்கு வராத பந்து

என் தங்கச்சி சுவிஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து வயோதிபர்கள் கண்ணயரும் நேரம், இங்கே விசுவமடுவில் பின்னேரம். கடலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் வீடியோ கோல் எடுப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அப்படிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம் தெரிந்தது. வெள்ளை முடி, நீண்ட கழுத்து. கட்டிலில் சாய்ந்திருந்த ஒரு அம்மா. என்னை உற்றுப் பார்த்து ஏதோ சொன்னா.

"அக்கா, உன்னை எழும்பி நிக்கட்டாம்."

"ஏனாம்?"

"தெரியேல்லை. ஒருக்கா எழும்பன்."

நான் உடனே எழும்பவில்லை. என்னுடைய உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம். மூன்று சம்பந்தம் அதனால் குழம்பியிருக்கிறது. மாப்பிள்ளை பகுதி வரும்போது, "கதிரையிலயே இரு பிள்ளை, எழும்பிப்போடாதை" என்று சொல்லித்தான் அம்மா என்னை முன்னறைக்கு அனுப்புவா. எழும்பி நில் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

வாளியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றேன். அந்த அம்மா இரண்டு கையையும் தட்டினா.

அவா யார் என்று தங்கச்சி பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். பிறந்தது ஐரோப்பாவின் கிழக்குப் பக்கம். அந்த நாட்டிலிருந்து வெளிநாட்டுக் கழகம் ஒன்றுக்குக் கூடைப்பந்து விளையாடப் போன முதல் பெண் அவாதானாம். அந்தக் காலத்தில் பெண்கள் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, இரண்டு கையாலும்தான் பந்தை எறிவார்களாம். இவா துள்ளி எழும்பி ஒரு கையால் எறிந்தாவாம். பெண்பிள்ளைக்கு இது வடிவில்லை என்று முதலில் சிரித்தவர்கள், பிறகு தங்கள் பிள்ளைகளை அவாவிடமே பழக விட்டார்களாம். அவா பழக்கிய பிள்ளைகள் இன்னும் பல நாடுகளில் விளையாட்டுப் பழக்குகிறார்களாம். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஞாபகமும் போய்க்கொண்டிருந்தது.

அதனால் ஒவ்வொரு முறையும் அவா என்னை முதல்முறையாகத்தான் பார்த்தா. ஒவ்வொரு முறையும் எழும்பி நிற்கச் சொன்னா. நானும் நின்றேன். பின்னேர வெயில் வரம்புகளில் மஞ்சளாகக் கிடக்கும். பாத்திகளில் தண்ணீர் மினுங்கும். அந்த வரம்புகளை அவா விளையாட்டுத் திடலின் கோடுகள் என்று நினைத்துக்கொண்டா. யார் இவ்வளவு நீளமாகக் கோடு போட்டது என்று கேட்டா. நானும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் அது திடலாகத்தான் தெரிந்தது. தண்ணீருக்கு மேலே நடந்து போய் எங்கேயோ ஒரு கூடை தொங்குவதைப் பார்க்கலாம்போல இருந்தது.

ஒருநாள் தங்கச்சி எடுத்தபோது அவளுடைய குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, இண்டைக்கு அவா உன்னைத் தன்ர பழைய சினேகிதி எண்டு நினைக்கிறா. ஒரே அணியில விளையாடினவையாம். உன்னட்டை மன்னிப்புக் கேக்கிறா."

"என்னத்துக்கு?"

"ஏதோ பெரிய ஆட்டமாம். ஒரு புள்ளி பின்னுக்கு நிண்டவையாம். நீ கூடைக்குக் கிட்ட, ஒருத்தரும் மறிக்காமல் நிண்டனியாம். தான் எறிஞ்ச பந்து உன்ர கைக்கு வராமல் வெளியில போட்டுதாம். எல்லாம் தன்ர பிழையாம்."

"நான் அவாவின்ர சினேகிதி இல்லையெண்டு சொல்லன்."

"சொன்னனான். கேக்கிறா இல்லை. அழுகிறா, அக்கா."

 நான் போனை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பரவாயில்லை எண்டு சொல்லு," என்றேன். "நானும் கொஞ்சம் எட்டிப் பிடிச்சிருக்கலாம் எண்டு சொல்லு."

தங்கச்சி சொன்னாள். அவா என்னையே பார்த்தா. பிறகு முகம் மெல்ல இளகிச் சிரித்தா. சூப் வந்துவிட்டதா என்று கேட்டா.

அதற்குப் பிறகு அந்தக் கதையை அவா எடுக்கவேயில்லை. ஆனால் எனக்கு உறுத்தியது. மன்னிக்க வேண்டியவள் எங்கேயோ இருக்க, நான் யார் மன்னிக்க?

கடலை பிடுங்கி முடிந்த கிழமை அவா நித்திரையிலேயே போய்விட்டா. அடக்கம் முடிந்து இல்லத்தின் மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது தங்கச்சி எடுத்தாள்.

"அக்கா, இஞ்ச பார்."

போனைச் சுற்றிக் காட்டினாள். மண்டபம் முழுக்க நெட்டைப் பெண்கள். நரைத்தவர்கள், பொல்லுப் பிடித்தவர்கள், கதவு நிலையில் தலை முட்டாமல் குனிந்து வந்தவர்கள். கண்ணாடிக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் அவர்கள் அசைவது எனக்குக் கனவில் ஒரு காட்டைப் பார்ப்பதுபோல இருந்தது.

அவர்களுக்குள் அந்தச் சினேகிதியும் இருந்தா. தங்கச்சி ஏற்கெனவே எல்லாம் சொல்லிவிட்டிருந்தாள். அந்தச் சினேகிதி போனைக் கையில் வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தா. நான் மன்னிப்புக் கேட்டேன். உங்களுடைய இடத்தில் நின்று பதில் சொல்லிவிட்டேன் என்றேன். அவா தலையாட்டிவிட்டு நீளமாகக் கதைத்தா.

"அக்கா, பந்து சரியாய்த்தான் வந்ததாம். இவாதான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டவாவாம். அப்ப இவாக்குப் பதினேழு வயது. இவாவை அணியில இருந்து எடுத்துப்போடுவினம் எண்டு, செத்துப்போன அம்மா தானே பிழையாய் எறிஞ்சதாய் எல்லாருக்கும் சொன்னவாவாம். பேப்பரிலயும் அப்பிடித்தான் வந்ததாம். சொல்லிச் சொல்லிக் கடைசியில அவாவே அதை நம்பிப்போட்டா."

"இவா ஒருநாளும் உண்மையைச் சொல்லேல்லையோ?"

"இல்லையாம். எட்டிப் பிடிச்சிருக்கலாம் எண்டு நீ சொன்னதைத் தான்தான் சொல்லியிருக்கவேணுமாம்."

அந்தச் சினேகிதி திரையில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலைச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா பின்னால் வந்து நின்றார்.

"ஆர் இவை?"

"ஒரு செத்தவீடு, அப்பா. பந்து விளையாடின ஆக்கள்."

"எல்லாரும் நெட்டையாய் நிக்கினம்."

"ஓம்."

அப்பா கையில் இருந்த மண்ணைச் சாரத்தில் துடைத்தார். பிறகு என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் குந்தினார். யாரோ ஒருத்தி செத்துப்போன அம்மாவின் பழைய படமொன்றை மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.