கயிறு போன கட்டிலில் மாம்பழம்

“மாங்காய வத்தல் போடுவாங்க. பழத்த எவ போடுவா? ஈ மொய்க்கும், அவ்ளோதான். காலேஜுல இன்னாதான் சொல்லிக் குடுத்தாங்களோ” என்றாள் அம்மா.

முந்தின நாள் கோடைமழைக் காற்று எங்கள் ஒரே மாமரத்தில் பழுத்திருந்ததையெல்லாம் கீழே தள்ளியிருந்தது. இரண்டு கூடை நிறையப் பழம். அடிபட்ட பழம் இரண்டு நாள்கூடத் தாங்காது. ஆட்டுக்குப் போட்டுவிடலாம் என்ற அம்மாவைத் தடுத்து, காயவைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். வீட்டில் முதலில் படித்தவள் நான், அதுவும் வேதியியல் பட்டம். சொன்னால் கேட்பார்கள். கேட்டு அது பொய்த்துப்போனால் அடுத்த முறை கேட்க மாட்டார்கள்.

ஈரத்தோலை இழுத்துப் பலகையில் ஆணியடித்துக் காயவைப்பது தோல் பதனிடும் ஷாப்பில் அப்பாவின் வேலை. அன்று சாயங்காலம் அங்கே கழித்துப்போட்ட பலகை ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“இதுல பரப்பு பாப்பா. நல்லா காயும்.”

“வேணாம்பா. தோலுக்குப் போடுற குரோம் ஊறின பலகை. பழத்துல இறங்கிடும்.”

“ரெண்டு தபா கழுவிட்டேம்மா.”

“கழுவுனா போவாது.”

அவர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் சொன்னது சரிதான். ஆனாலும் அவர் முகத்துச் சிரிப்பு போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை, கயிறு இற்றுப்போன கட்டில் ஒன்றை மொட்டைமாடிக்கு ஏற்றி, வெறும் சட்டத்தில் புதுக் கொசுவலையைக் கட்டினேன். பழத்தைச் சீவித் துண்டுபோட்டுப் பரப்பினேன். மதியம் போய்ப் பார்த்தால் வலை தொய்ந்து, துண்டுகளெல்லாம் நடுவில் சறுக்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

“ஆட்டக் கூப்புடவா?” என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அன்று லீவு. கீழே போய், “கொஞ்சம் வந்து இழுத்துக் குடுப்பா” என்றேன். அவர் ஏறி வந்து என் முடிச்சுகளைப் பார்த்தார்.

“மூலைலேந்து ஆரம்பிச்சியா? இதான் பட்டப்படிப்பா?”

எல்லாவற்றையும் அவிழ்த்தார். நான்கு பக்கத்திலும் நடுவை முதலில் இழுத்துக் கட்டிவிட்டு, மூலைகளுக்குக் கடைசியில்தான் வந்தார். தோலை இழுக்கிற அதே கை. வலை பறைபோல விறைத்து நின்றது. துண்டுகளை ஒட்டாமல் மறுபடி பரப்பி, மேலே இன்னொரு வலையை மூடினேன். ஈயால் கிட்டே வர முடியவில்லை.

நான்கு நாள் நல்ல வெயில். தினமும் காலையில் பூஞ்சை பிடித்திருக்குமோ என்று பயந்துகொண்டேதான் மாடிப்படி ஏறினேன். ஐந்தாம் நாள் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தேன். உள்ளே ஈரமில்லை, புள்ளியில்லை. மென்றால் பல்லுக்கு இழுத்துக்கொடுத்து, பிறகு இனித்தது. அங்கேயே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அம்மா தான் வேலைசெய்யும் ஷூ கம்பெனிக்குப் போகும்போது ஒரு டப்பா நிறைய எடுத்துப் போனாள். மாலையில் டப்பா காலியாக வந்தது.

எதிர்வீட்டு அக்காவை பாபி என்றுதான் கூப்பிடுவோம்; அவருடைய சப்போட்டா மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கிறது. நேற்று போய்க் கேட்டேன். “ஜாஸ்தியா கீது, எடுத்துக்கோ” என்றார். இரண்டு கூடை கொண்டுவந்தேன். ஒரு கூடை சீவியாகிவிட்டது.