கத்திக்குக் கழுத்து நீட்டியவள்

எங்களுக்கு மேல் மாடியில் இருந்த ஜாவாக்காரி ஒரு கத்தியைக் கலியாணம் செய்தவள். கேலிக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளை கப்பலில் நின்றதால், அவர் வீட்டுக் கிரிஸ் கத்தியைப் பட்டுத் தலையணையில் வைத்து, பக்கத்தில் இவளை இருத்திச் சடங்கை முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வர முடியாவிட்டால் அவருடைய கத்தி வரலாம் என்பது அவர்கள் பக்கத்துப் பழைய வழக்கமாம்.

ஹவுகன்ஸ்டுவா என்ற இந்தப் புறநகரில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே மாதிரி. ஒரே பல்கனி, ஒரே சமையலறை, ஒரே விதமான புருஷன். அவளுடையவர் கடலில் நின்றாலும் நாளுக்கு மூன்று தரம் வீடியோவில் கூப்பிட்டு, ஒவ்வோர் அறையாகக் காட்டச் சொல்லுவார். என்னுடையவர் வீட்டில் இருந்தபடியே, நான் எந்த ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று போனில் பார்த்துக்கொண்டிருப்பார். கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார். “ஏன் ஆறு நிமிசம் பிந்தினது?” என்று மட்டும் கேட்பார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆறு நிமிடத்துக்குக் காரணம் சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

அவளும் நானும் இந்த நாட்டுப் பாஷையான நோர்ஸ்கில்தான், அதுவும் அரைகுறையாக, கதைப்போம். ‘அக்கா’ மட்டும் நான் பழக்கிய தமிழ். புருஷனை விட்டுவிட்டுப் போனால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

“ஏலாது அக்கா. அந்தக் கத்திக்குப் பக்கத்திலை இருந்து சத்தியம் பண்ணினனான்.”

எனக்கு அது நன்றாக விளங்கியது. இந்த நாட்டில் பிரிவதற்கு ஒரு கடதாசி போதும். ஆனால் நான் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. சாகும்வரை என்று பீடத்துக்கு முன்னால் சொன்னவள், எங்கே போய் அதை இல்லை என்று சொல்வது?

போன வருடம், கிரிஸைக் கழுவும் அவர்களுடைய மாதம் வந்தபோது புருஷன் கடலில். கத்தி பூட்டியிருந்த அலுமாரியின் திறப்பு இருந்த இடம் அவளுக்குத் தெரியும், தொடத்தான் பயம். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். அலகைத் தேய்த்துக் கழுவத் தமிழ்க் கடையில் தேசிக்காய் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேலே போனேன்.

பிடி மதுராத் தீவில் செதுக்கியது, உறை ஜாவாவில் செய்தது என்று காட்டினாள்.

“ஒரு கத்திக்கு எத்தனை பாஸ்போர்ட் அடி?” என்று சீண்டினேன்.

சிரித்தாள். பிடியும் உறையும் உடுப்பு மாதிரி, போகிற தீவில் மாற்றிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அலகுதான் ஆள் என்றாள்.

பிறகு உறையிலிருந்து இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கலியாணத்தன்று மாப்பிள்ளையின் தகப்பன் அதை உருவி நெற்றியில் ஒற்றியபோது, அவள் பயத்தில் அலகின் வளைவுகளை எண்ணியிருக்கிறாள். ஏழு. இப்போது கையில் இருந்ததோ வளைவே இல்லாத நேர் அலகு.

“இது பூகிஸ் ஆக்களின்ரை. சுலவேசித் தீவு. நான் கண்டது இது இல்லை.”

உடனே புருஷனுக்குப் போன் எடுத்தாள். அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. சொன்னதை அவள் பிறகு நோர்ஸ்கில் சொன்னாள். பழைய அலகை ஒரு சிநேகிதனுக்குக் கொடுத்துவிட்டு, அளவாக இருந்த இன்னொன்றைச் செருகினாராம். கத்தி கத்திதானே என்றாராம்.

அவள் அழவில்லை. “அக்கா, நான் கழுத்து நீட்டின கத்தி இந்த வீட்டிலை இல்லை” என்றாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் கண்டதே இல்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை.

தேசிக்காய்கள் வெட்டப்படாமலே கிடந்தன.

அடுத்த கிழமை அவள் லில்லெஸ்ட்ரோமில் இருந்த தங்கையிடம் புறப்பட்டாள். கத்தியை உறையில் போட்டு மேசையில் விட்டுவிட்டாள். நான் பெட்டியை ஸ்டேஷன்வரை இழுத்துக்கொண்டு போனேன். ரயிலுக்கு நிற்கும்போது கேட்டாள்:

“அக்கா, உங்கடை கலியாணத்துக்கு அவர் வந்தவரோ?”

“ஓம், வந்தவர். அவரேதான்.”

எனக்கும் ஒரு வழி தேடிப் பார்க்கிறாள் என்று விளங்கியது. ரயில் வந்து கதவு திறந்தபோதும் அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு ஏறினாள். நான் அவருக்குச் சோறு போட வீட்டுக்கு நடந்தேன்.