வீட்டுக்குள் வந்த மரமல்லிப் பூ

பீளமேட்டில் ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால், வண்டி சீட் முழுக்க மரமல்லிப் பூ. தட்டிவிடக் கை வரவில்லை. நிமிர்ந்தபோதுதான் மரத்தில் சிவப்புப் பெயின்ட் குறி தெரிந்தது. சாலையை அகலப்படுத்த வெட்டப்போகிறார்கள். இதை வெட்ட விடக்கூடாது என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது.

ஏனென்றால் அது எங்கள் வாசல் மரம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இங்கே மில் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருந்தன; அதில் ஒன்று எங்களுடையது. எனக்கு முன்னால் பிறந்து இறந்துபோன அண்ணனுக்காக அப்பா நட்டாராம். அம்மா தினமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, "குடி கண்ணு" என்பாள்.

"அது என்னங்கம்மா, உங்க மகனா?" என்பேன்.

"உன்னையாட்ட எதிர்த்துப் பேசறதில்ல."

காற்றில் பூ வீட்டுக்குள் வந்தால், "வந்துட்டான் பாரு" என்பாள். கூட்டித்தள்ள விடமாட்டாள். பூ கிடக்கும் மூலைப்பக்கம் போகவே எனக்குப் பயம்.

மில்லை மூடி, வீட்டைக் காலி செய்த அன்று, அம்மா அடிமரத்தைத் தொட்டு "வாரேன் கண்ணு" என்றாள். அப்புறம் வரவேயில்லை.

அம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "இன்னும் பூக்குதா?" என்றாள்.

நாளைக் காலை மாநகராட்சி இன்ஜினியர் அளக்க வருகிறார். மரத்தை விட்டுவிட்டுச் சாலையைக் கொஞ்சம் வளைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அம்மாவும் வருகிறாள், அரிசி கழுவிய தண்ணீரோடு.