குச்சியில் ஒரு கோடு

“...தொட்டி ரொம்பிக் கெடந்தா நாலு நாய் வந்து நக்கத்தான் செய்யுமுங்க. அதனாலதான் வண்டிக்கு நான் அளந்து ஊத்தறது. ஆத்துல போட்டாலும் அளந்து போடோணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

சொன்னவர் எங்கள் ஊர் பஸ் முதலாளி பொன்னுச்சாமி. இடம், அவருடைய ஷெட். போன புதன்கிழமை, பொழுது இறங்குகிற நேரம். அவருக்கு எதிரில் நின்றவர்கள் மூன்று பேர் – டிரைவர் ஆறுச்சாமி, குத்தகைக் காட்டில் கடலைக்காய் போட்டுப் பிழைக்கிற மாராத்தாள், அப்புறம் நான்.

முதலாளியின் கையில் ஒரு மூங்கில் குச்சி இருந்தது.

பஸ்ஸைப் பற்றி எழுதுவதா, குச்சியைப் பற்றி எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். குச்சிதான் என்று முடிவு செய்தேன். ஏனென்றால் எங்கள் பஸ்ஸை ஓட்டுவது டிரைவர் அல்ல, அந்தக் குச்சிதான்.

வடகரப்பதிப் பக்கத்திலிருந்து காலையில் சித்தூருக்குப் போவது அந்த ஒரே பஸ். பழைய டீசல் வண்டி. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் படுத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதைச் சரி செய்வானேன்? முதலாளி மூங்கிலில் ஒரு குச்சி சீவி, அதில் கத்தியால் ஒரு கோடு போட்டார். காலையில் டேங்கில் குச்சியை விட்டால் எண்ணெய் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். ஒரு விரல்கூட அதிகம் இருக்கக் கூடாது. சாயங்காலம் குச்சி ஏறக்குறைய உலர்ந்து வர வேண்டும். அப்படி வந்தால் அன்றைக்கு முதலாளிக்கு நல்ல தூக்கம்.

ராத்திரியில் டேங்கில் எண்ணெய் இருந்தால் யாராவது இறக்கிவிடுவார்கள் என்பது அவர் பயம். வீண் பயமும் இல்லை. ஆறுச்சாமிக்கு முன்னால் இருந்த டிரைவர் கிணற்று ஆயில் இஞ்சின்காரர்களுக்கு எண்ணெய் விற்றுப் பிடிபட்டவன். ஒருவன் திருடினான்... அதற்குப் பின் வருகிறவன் எல்லாம் திருடன். நம் ஊர் நியாயம் அப்படித்தானே?

ஆறுச்சாமி திருடன் இல்லை. ஆனால் ரோஷக்காரன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், “திருவிழாக் கூட்டமுங்க, இன்னொரு டின்னு ஊத்திக்கலாமுங்களா?” என்று கேட்டானாம். முதலாளி, பிரயாணிகள் எல்லாரும் இருக்கிறபோதே, “ஏன், ஊட்டு வெளக்குக்கு எண்ணெய் தீந்துபோச்சா?” என்றாராம். கூட்டம் சிரித்தது. அன்றோடு சரி. அப்புறம் அவன் எண்ணெய் கேட்டதே இல்லை.

கேட்டால் திருடன் என்று ஆகிவிடும். கேட்காவிட்டால் வண்டி நடுவழியில் நிற்கும். இரண்டில் எது மேல்? ஆறுச்சாமி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான்.

புதன்கிழமை நின்றது.

வாய்க்கால் பாலம் இடிந்துவிட்டது என்று முந்தின நாளே ஊருக்கெல்லாம் தெரியும். பஸ் பனங்காட்டு வண்டிப்பாதையில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மணல் பாதை. மாடு இழுக்கிற வேகத்தில்தான் வண்டி ஊரும். எண்ணெய் அதிகம் குடிக்கும். முதலாளிக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும். ஆனாலும் காலையில் எண்ணெய் அதே கோட்டில்தான் நின்றது. முதலாளி, ‘வேணும்னா கேக்கட்டும்’ என்று இருந்தார். டிரைவர், ‘வேணும்னா ஊத்தட்டும்’ என்று இருந்தான்.

மாராத்தாள் எனக்கு முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள். சித்தூர் கோர்ட்டில் அன்று அவள் கேஸ். புருஷன் போன பிறகு அவளே உழுது வந்த குத்தகைக் காட்டை விட்டு எழும்பச் சொல்லி நிலத்துக்காரர் போட்ட கேஸ். வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தாராம் – பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள், ஆள் இல்லாவிட்டால் எதிராளி பேச்சைக் கேட்டே தீர்ப்பெழுதிவிடுவார்கள் என்று.

“நேரத்துல போயிருமுங்களா?” என்று என்னிடம் கேட்டாள்.

“போயிரும்” என்றேன். வேறு என்ன சொல்வது?

பனங்காட்டுக்கு நடுவில் இஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமாமலே அடங்கிவிட்டது.

ஆறுச்சாமி இறங்கி டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான். பார்க்க என்ன இருக்கிறது? மாராத்தாள்தான் சொன்னாள்: “சட்டியில இருந்தாத்தானுங்க அகப்பையில வரும்.”

எண்ணெய் கிடைப்பது கஷ்டமாக இல்லை. பக்கத்துக் காட்டில் ஆயில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குடியானவர் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு, ஒரு டின் டீசலைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். “வண்டிக்காரங்களே எங்களுக்கு வித்துட்டு இருந்தாங்க. இப்ப நாங்க வண்டிக்குக் குடுக்கறோம். காலம் மாறிப்போச்சுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆறுச்சாமி சிரிக்கவில்லை.

எண்ணெய் ஊற்றியாயிற்று. இனி என்ன... கிளம்ப வேண்டியதுதானே?

அங்கேதான் டீசல் வண்டி பெட்ரோல் வண்டியிலிருந்து வேறுபடுகிறது. பெட்ரோல் வண்டி பசித்த பிள்ளை மாதிரி – ஊற்றினால் ஓடும். டீசல் வண்டி அப்படியல்ல. ஒரு தடவை டேங்க் வறண்டால் குழாயெல்லாம் காற்றுப் புகுந்துகொள்ளும். அந்தக் காற்றைக் கடைசிக் குமிழி வரைக்கும் வெளியேற்றினால்தான் இஞ்சின் மறுபடி மூச்சு விடும். அது மட்டுமா? டேங்கின் அடியில் பல வருஷத்துத் துரு, மண்டி, தண்ணீர் எல்லாம் தங்கிக் கிடக்கிறது. எண்ணெய் குறையக் குறைய, இஞ்சின் உறிஞ்சுவது அந்தக் கசடைத்தான்.

தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? அதுவும் குச்சி செய்த வேலைதான். ராத்திரி பூராவும் டேங்க் காலியாகக் கிடந்தால் குளிரில் அதன் உள்பக்கம் வியர்க்கிறது. அந்த வியர்வை சொட்டுச் சொட்டாக அடியில் சேர்கிறது. நிறைந்த டேங்கில் காற்றுக்கே இடமில்லை, வியர்ப்பது எங்கே? திருட்டுக்குப் பயந்து காலியாக வைத்த டேங்கில், யாரும் திருட முடியாத தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது.

ஆறுச்சாமி எண்ணெய் வடிகட்டும் பில்டரைக் கழற்றினான். உள்ளே இருந்தது எண்ணெய் அல்ல, சேறு. வேட்டித் துணியில் துடைத்து, கொஞ்சம் டீசலில் கழுவி மறுபடி மாட்டினான். காற்று வெளியேற ஒரு திருகைத் தளர்த்திவிட்டுக் கையால் பம்பு அடித்தான். நுரை வந்தது. மறுபடி அடித்தான். மறுபடி நுரை.

“ஆச்சுங்களா தம்பி?” என்றாள் மாராத்தாள்.

“இப்ப ஆயிருமக்கா.”

அந்த நேரத்தில்தான் தேங்காய் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டியது. வண்டிக்காரன் சித்தூர் சந்தைக்குத்தான் போகிறான். “வாறதுன்னா ஏறிக்கோ ஆத்தா, மாட்டுக்கு எண்ணெய் வேண்டீதில்ல” என்று கூப்பிட்டான். மாராத்தாள் ஒரு காலை வண்டிப் பக்கம் வைத்தாள். ஆறுச்சாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

“எக்கா, நுரை நின்னுருச்சு. நீங்க வேற அதுல ஏறி ஆடிட்டுப் போறீங்களா? அதுக்கு முந்தி நான் கொண்டுபோய் எறக்கிருவேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. நுரை நின்றுதான் இருந்தது. அவன் வண்டியை விட்டு ஒரு பிரயாணி மாட்டு வண்டிக்கு மாறுவது அவனுக்குப் பொறுக்கவில்லை... அவ்வளவுதான். மாராத்தாள் காலை எடுத்துக்கொண்டாள். தேங்காய் வண்டி போய்விட்டது.

இஞ்சினைச் சுற்றினான். ஒரு உறுமல். நின்றது. மறுபடி அடைப்பு. மறுபடி பில்டர், மறுபடி திருகு, மறுபடி நுரை. சுற்றிச் சுற்றி பாட்டரியும் களைத்துப்போயிற்று. ஆண்கள் எல்லாரும் இறங்கி மணலில் தள்ளினோம். மாராத்தாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். எங்கள் எல்லாரையும் விட அவள்தான் பலமாகத் தள்ளினாள். அவளுக்குப் பின்னால் ஒரு காடே நின்று அவளைத் தள்ளிக்கொண்டிருந்ததே.

ஒருவழியாக வண்டி கிளம்பி நாங்கள் சித்தூர் போய்ச் சேர்ந்தபோது சந்தையில் அந்தத் தேங்காய் வண்டி சரக்கெல்லாம் இறக்கிவிட்டுக் காலியாக நின்றது. மாடுகள் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன.

மாராத்தாள் கோர்ட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். வக்கீல் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் நடையை நிறுத்திவிட்டாள்.

“மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கம்மா. நீ இல்லை” என்றார். மறுபடி மனுப் போடலாம், காரணம் சொல்லலாம் என்றும் சொன்னார்.

“என்ன காரணமுங்க? பஸ்ஸுக்கு எண்ணெய் தீந்துபோச்சுன்னு சொன்னா கோர்ட்டுல சிரிக்க மாட்டாங்களா?”

வக்கீல் கேஸ் கட்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

“மனு போயித் திரும்பி வாறதுக்குள்ள அவுங்க காட்டுல ஏர் பூட்டிருவாங்க சாமி. காய் இன்னும் பால் பிஞ்சுங்க” என்றாள். அழவில்லை. கடலைக்காயைப் பற்றித்தான் பேசினாள்.

திரும்பி வருகிறபோது ஆறுச்சாமி ஒரு முறை, “நான் நெசமாத்தானுங்க நெனச்சேன்...” என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

எல்லாரும் அவரவர் இடத்தில் இறங்கினார்கள். மாராத்தாள் இறங்கவில்லை. ஷெட் வரைக்கும் வந்தாள். அவள் அங்கே என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது. அதனால் நானும் இறங்கவில்லை.

முதலாளியின் எதிரில் போய் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: “ஏனுங்க முதலாளி, இன்னொரு டின்னு ஊத்தியிருந்தா எங்காடு போயிருக்காதுங்களே?”

அவர் வருத்தப்படாமல் இல்லை. “ஐயோ பாவமே” என்றார். “முந்தின நாளே போயி சித்தூருல தங்கியிருக்கலாமல்லொ” என்றார். “எல்லாம் தலையெழுத்து” என்றார். பிறகு ஆறுச்சாமியைப் பார்த்து, “பாதை சுத்துன்னு தெரியுமல்லொ? எண்ணெய் வேணும்னு வாயத் தொறந்து கேக்கறதுக்கு என்ன?” என்றார்.

“கேட்டா ஊட்டு வெளக்குக்கான்னு கேப்பீங்க” என்றான் ஆறுச்சாமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் முதலாளி வாயில் தொட்டியும் நாயும் வந்தன. ஆற்றில் அளந்து போடுவதும் வந்தது.

பழமொழிகளை ஆசையாகச் சேர்த்து வைக்கிறவன் நான். அன்றைக்கு முதல் முறையாக ஒரு பழமொழியின் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆற்றில் போடுவதை அளக்கலாம் ஐயா. சந்தேகத்தில் போடுவதை எந்தக் குச்சியால் அளப்பது? முதலாளிக்குத் தன் எண்ணெய் பத்திரம், டிரைவருக்குத் தன் மானம் பத்திரம். இரண்டு பத்திரத்துக்கும் நடுவில் ஒருத்தியின் காடு போயிற்று. இருவரில் ஒருவராவது கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பேசி முடித்த முதலாளி, வழக்கம்போல டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். குச்சியின் அடியில் நாலு விரல் ஈரம் மின்னியது.

“பாத்தீங்களா? அத்தனை சுத்துச் சுத்தியும் இவ்வளவு மிச்சமிருக்குது.”

“அது உங்க எண்ணெய் இல்லீங்க. பனங்காட்டுல ஒரு குடியானவர் குடுத்த டின்னு” என்றேன் நான்.

“அப்படிங்களா? வழியிலயே கெடைக்குதுன்னா சரி” என்றார். குச்சியில் ஈரம் ஏறியிருந்த உயரத்தை விரலால் அளந்தார். மாராத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, பழைய கோட்டுக்கு நாலு விரல் கீழே, புதிதாக ஒரு கோடு போட்டார்.