எளிதென்று நம்பிய சாலை

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, என் கணவர் முதன்முறையாகச் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றில் ஏற விரும்பினார். உச்சிக்குச் செங்குத்தான தார்ச்சாலையும் உண்டு, காட்டுப் படிகளும் உண்டு. சாலை வழியே ஏறினோம். அவருக்கு மூச்சு வாங்கியது, கால் வலிக்கவில்லை. இறங்கத் தொடங்கும்போது மழை தூறியது.

"படியில கைப்பிடி இருக்கு, அப்படிப் போவோமா?" என்றார்.

"வேணாங்க, ரோடுதான் சேஃப் லா," என்று பிடிவாதம் பிடித்தேன்.

முதல் சரிவிலேயே அவர் கால் வழுக்கியது. நான் சட்டையைப் பற்றி இழுக்க, இருவரும் ஓரப் புல்லில் விழுந்தோம். நல்லவேளை, அடியில்லை.

"இதுதான் உன் சேஃப் ரோடா?" என்று சிரித்தார்.

ஏற எளிதான வழி இறங்கவும் எளிது என்று நம்பியது என் பிழை. இப்போது சாலையில் ஏறி, படிகளில் இறங்குகிறோம். அவர் கைப்பிடியைப் பற்றி வருகிறார். நான் ஒரு படி முன்னே நடக்கிறேன்.